தோற்காத வீரர்கள் தோற்ற கதை

மலர்க் குழுவிலிருந்து அண்ணன் ஒருவர் போன் செய்து, "நாலு பக்கம் காலியா இருக்குப்பா, ஏதாவது எழுதிக் கொடு" என்றார். மெஸ் சாம்பாரைப் பற்றியும் அட்டெண்டன்ஸ் கொடுமைகளைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியான சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "குத்துச்சண்டை பத்தி எழுதட்டுமாண்ணா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நம்ம காலேஜுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். சம்பந்தம் இருக்கிறது. எனக்கு அது ஹாஸ்டலில்தான் ஆரம்பித்தது.

மூன்றாம் வருஷம், 2010. எங்கள் விங்கில் ஒருவனிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. மற்றவர்கள் ஹார்ட் டிஸ்க்கில் சினிமா சேர்ப்பார்கள். இவன் பழைய ஹெவிவெயிட் சண்டைகளாகச் சேர்த்து வைத்திருந்தான். மெஷின் டிசைன் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, படிக்கிற பிள்ளையைக் கெடுப்பதற்கென்றே இரண்டு சண்டைகளை அடுத்தடுத்துப் போட்டான். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை.

முதல் சண்டை 1977 மே 11, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். 38 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காத டுவேன் பாபிக் என்ற இளைஞரை கென் நார்ட்டன் 58 விநாடியில் சாய்த்தார். இரண்டாவது சண்டை 1981 மே 11, அதே மாடிசன் ஸ்கொயர் கார்டன். அதே நார்ட்டன், ஆனால் இந்தத் தடவை சாய்ந்தவர் அவர். 25-வது சண்டைக்கு வந்த, அதுவரை தோற்காத ஜெர்ரி கூனி என்ற இளைஞர் அவரை 54 விநாடியில் முடித்தார். தேதி ஒன்று, கட்டடம் ஒன்று, நடுவில் நாலு வருஷம். "இது எப்படிடா?" என்றேன். "போய்ப் படிடா" என்றான். பதினைந்து வருஷமாக அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.

குத்துச்சண்டை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற எடைப் பிரிவுகளில் இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எல்லை உண்டு. ஹெவிவெயிட்டில் மேல் எல்லை கிடையாது. அதனால் அதில் சாம்பியன் என்றால் உலகத்திலேயே பலசாலி என்று ஜனங்கள் நினைத்துக் கொள்வார்கள். பணமும் அங்கேதான். உயரமாக, அகலமாக, குத்துக் கனமாக ஒரு பையன் கிடைத்துவிட்டால் போதும், "இவன்தான் அடுத்த சாம்பியன்" என்று பத்திரிகையும் டி.வி.யும் தலையில் தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்கி வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் கீழே விழுந்தவர்கள்தான்.

பாபிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னசோட்டா மாநிலத்துக்காரர், அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். 1971 பான் அமெரிக்கன் போட்டியில் கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனையே தோற்கடித்தார். அடுத்த வருஷம் ம்யூனிக் ஒலிம்பிக்ஸில் தங்கம் இவருக்குத்தான் என்று அமெரிக்கா காத்திருந்தது. அதே ஸ்டீவன்சன் மூன்றாவது சுற்றில் இவரை முடித்துவிட்டார். (ஸ்டீவன்சன் அதில் தொடங்கி மூன்று ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கினார், அவரிடம் தோற்றது வெட்கப்படுகிற விஷயம் இல்லை.) உண்மையான சோதனையின் ரிசல்ட் அன்றைக்கே கையில் கிடைத்துவிட்டது என்பேன். ஆனால் 1973-ல் பாபிக் தொழில்முறைக்கு வந்ததும் கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஜோ ஃப்ரேஸியரே மேனேஜர். ஜெயித்தார், ஜெயித்தார், 38 தடவை ஜெயித்தார். தோற்றவர்கள் பட்டியலில் மைக் வீவர் பெயர்கூட இருக்கிறது. வீவர் 1980-ல் உலக சாம்பியன் ஆனவர். ஆனால் பாபிக் அவரை அடித்தது 1974-ல், வீவர் யாரென்று வீவருக்கே தெரியாத காலத்தில்.

நார்ட்டன் வேறு ரகம். 1973-ல் முகமது அலியின் தாடையை உடைத்து ஜெயித்தவர். 1976 செப்டம்பரில் அலியிடம் தீர்ப்பில் தோற்றபோது, ஜெயித்தது நார்ட்டன்தான் என்று பாதிப் பேர் சண்டை போட்டார்கள். அப்போது நார்ட்டனுக்கு வயது 33. அவருடைய வலது கை பாபிக்கின் தொண்டைப் பக்கம் இறங்கியது. பிறகு நடந்ததை எண்ணக்கூட முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் அதை மூன்று தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். அன்றிலிருந்து பாபிக் என்றால் சிரிப்புக்குரிய பெயர் ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 38 பேரை அடித்தவர் நேர்மையான உழைப்பாளி. அவரிடம் இல்லாத ஒன்று இருப்பதாக அவரே சொல்லவில்லை, மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

இப்போது கூனி. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டைச் சேர்ந்தவர். ஆறடி ஆறங்குலம். அப்பா கட்டட இரும்பு வேலை செய்தவர், குடிப்பவர், பிள்ளைகளிடம் ரொம்பக் கடுமை. இதையெல்லாம் கூனியே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய லெஃப்ட் ஹூக்கை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. 1980 மே மாதம் ஜிம்மி யங்கை நாலு சுற்றில் நிறுத்தினார். அக்டோபரில் ரான் லைலை ஒரே சுற்றில். பிறகு 1981-ல் நார்ட்டனை 54 விநாடியில். மூன்றுமே பெரிய பெயர்கள். "ஃபோர்மனை ஜெயித்த யங், ஃபோர்மனைத் தரையில் விழ வைத்த லைல், அலியின் தாடையை உடைத்த நார்ட்டன், மூணு பேரையும் தூள் பண்ணிட்டான்" என்று ஊரே பேசியது.

இங்கே என் தொழிலைக் கொஞ்சம் உள்ளே நுழைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிரஷர் வெஸல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். வெல்டிங் முடிந்த கலத்தில் தண்ணீரை நிரப்பி, அதற்கு அனுமதித்த அழுத்தத்தைப் போல 1.3 மடங்கு ஏற்றி நிறுத்திப் பார்ப்போம். தாங்கினால் பாஸ். ஆனால் பம்ப்பை ஓடவிடுவதற்கு முன்னால் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கேஜை எப்போ காலிபரேட் பண்ணீங்க?" ஒரு இடத்தில் (எந்த இடம் என்று கேட்காதீர்கள்) முள் 30-ஐக் காட்டியது, உள்ளே 30 இல்லவே இல்லை. கலம் பாஸ் ஆகிவிட்டது என்று எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பியிருந்தார்கள்.

1977-ல் பாபிக்கை அளந்த கேஜும், 1981-ல் கூனியை அளந்த கேஜும் பெயரளவில் ஒன்றுதான்: கென் நார்ட்டன். ஆனால் நடுவில் என்ன நடந்தது? 1978 ஜூனில் லாரி ஹோம்ஸுடன் 15 சுற்று மோதி ஒரே ஒரு பாயிண்ட்டில் பட்டத்தை இழந்தார். 1979 மார்ச்சில் எர்னி ஷேவர்ஸ் அவரை முதல் சுற்றிலேயே முடித்தார். கூனிக்கு எதிரில் வந்து நின்றபோது வயது 37. லைலுக்கு 39. யங் வயதில் சிறியவர்தான், ஆனால் ஃபோர்மனை ஜெயித்த 1977-ன் யங் இல்லை. முள் பெரிய எண்ணைக் காட்டியது; கேஜ் தேய்ந்து போயிருந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு நார்ட்டன் கையுறையைக் கழற்றியவர் மறுபடி மாட்டவில்லை.

இதையும் பாருங்கள். யங், லைல், நார்ட்டன் மூன்று பேரையும் சேர்த்துக் கூனி மேடையில் நின்றது பதினாறு நிமிஷத்துக்கும் குறைவு. அதன்பிறகு 13 மாதம் ஒரு சண்டையும் இல்லை. பெரிய சண்டை பேரம் படியும்வரை சின்னச் சண்டையில் ஏதும் நடந்துவிடக் கூடாது என்று மேனேஜர்கள் பொத்திப் பொத்தி வைத்தார்கள். 1982 மார்ச்சில் நடக்க இருந்ததும் தோள் காயத்தால் தள்ளிப்போனது. 25 வயதில், கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், ஒரு வருஷம் காத்திருப்பிலேயே போயிற்று. கூனியைக் கெடுத்தது எது என்று என்னைக் கேட்டால் இந்த 13 மாதத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் ஜனங்கள் ஏன் அந்தக் கேஜை நம்பினார்கள்? நம்ப ஆசைப்பட்டார்கள், அதனால்தான். இந்த ஆசைக்கு வயது அதிகம். 1908 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜாக் ஜான்சன், டாமி பர்ன்ஸை அடித்து முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அன்றைக்கே, அவரை வீழ்த்த ஒரு வெள்ளைக்காரன் வேண்டும் என்று தேடல் ஆரம்பித்துவிட்டது. ஓய்வில் இருந்த ஜிம் ஜெஃப்ரீஸை இழுத்து வந்து 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் நிறுத்தினார்கள். 15-வது சுற்றில் கதை முடிந்தது. அந்த முடிவைப் பொறுக்காமல் அமெரிக்காவில் பல ஊர்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. பிறகு பண்ணையிலும் சுரங்கத்திலும் ஆறடிக்கு மேல் எவன் இருக்கிறான் என்று தேடித் தேடிப் பிடித்து வந்தார்கள். "வெள்ளை நம்பிக்கை" என்றே அவர்களுக்குப் பெயர். அதில் லூதர் மெக்கார்ட்டி என்ற பையன் 1913 மே 24 அன்று கனடாவின் கால்கரி நகரில் முதல் சுற்றில் மேடையிலேயே விழுந்து இறந்து போனான். வயது 21. என்னைவிடப் பத்து வருஷத்துக்கும் மேலே சின்னவன் என்பதால் இவனுக்கு மட்டும் 'அவர்' போட மனசு வரவில்லை.

1960-ல் ஸ்வீடனின் இங்கமார் ஜொஹான்ஸன் பட்டத்தை இழந்த பிறகு 22 வருஷமாக வெள்ளை சாம்பியன் இல்லை. கூனி வெள்ளையர். விளம்பரக்காரர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? 'ராக்கி' மூன்றாம் பாகம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த நேரம்; டைம் பத்திரிகை அட்டையில் கூனியும் சில்வெஸ்டர் ஸ்டாலோனும் சேர்ந்து வந்தார்கள். சாம்பியன் லாரி ஹோம்ஸ் அப்போது 39 சண்டை, 39 வெற்றி. அவர் அட்டையில் இல்லை. ஊதியம் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர். சவால் விடுகிறவனுக்கு சாம்பியனுக்குச் சமமான பணமா என்று ஹோம்ஸ் கொதித்ததில் நியாயம் இருந்தது. மேடையில் சாம்பியனைக் கடைசியாக அறிமுகப்படுத்துவது வழக்கம். அன்றைக்கு ஹோம்ஸை முதலில் கூப்பிட்டார்கள்.

1982 ஜூன் 11, லாஸ் வேகாஸ், சீஸர்ஸ் பேலஸ் ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில் போட்ட மேடை. பாலைவனச் சூடு. இரண்டாவது சுற்றில் ஹோம்ஸின் வலது கை கூனியைக் கீழே உட்கார வைத்தது. முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. எழுந்து வந்த கூனி மூன்று, நாலு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தார். அவ்வளவு நீளம் அவர் அதுவரை போனதே இல்லை. விலாவில் அவர் அடித்த சில குத்துகளில் ஹோம்ஸ் நெளிவது படத்தில் தெரிகிறது. சில குத்துகள் பெல்ட்டுக்குக் கீழே இறங்கின. ரெஃப்ரி மில்ஸ் லேன் மொத்தம் மூன்று பாயிண்ட் குறைத்தார். பன்னிரண்டு சுற்று முடிவில், அந்த மூன்று பாயிண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் கணக்கில் கூனி ஒரு பாயிண்ட் முன்னால் இருந்திருப்பார். இதை ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பாயிண்ட் வேறு, மூச்சு வேறு. 13-வது சுற்றில் கை தொங்கிவிட்டது. ஹோம்ஸ் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கூனியின் பயிற்சியாளர் விக்டர் வாலி கயிற்றைத் தாண்டி மேடைக்குள் ஏறி வந்து தன் பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஏறத்தாழ 39 நிமிஷச் சண்டை. முந்தைய இரண்டு வருஷத்தில் பதினாறு நிமிஷம்கூடச் சண்டை போடாதவர், உலகின் மிகச் சிறந்த ஹெவிவெயிட்டோடு 39 நிமிஷம் நின்றிருக்கிறார். அதை ஏன் தோல்விப் பட்டியலில் எழுதுகிறோம் என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பரிதாபம். அந்த வயதில் தோற்றவர்கள் திரும்பி வருவதுண்டு. கூனி இரண்டு வருஷம் மேடை ஏறவில்லை. ஐந்து வருஷத்தில் மூன்றே சண்டை. குடி பிடித்துக்கொண்டது. 1987 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் ஐந்து சுற்றில் தோற்றார். 1990 ஜனவரியில் 41 வயது ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு சுற்றில் முடித்தார். ஃபோர்மன் என்ற கேஜ் தேயவே இல்லை என்பது 1994-ல் அவர் மறுபடி சாம்பியன் ஆனபோதுதான் ஊருக்குத் தெரிந்தது.

அடுத்த தலைமுறை இதில் பாடம் கற்றதா? மைக்கேல் கிராண்ட், ஆறடி ஏழங்குலம், 31 வெற்றி. பார்க்கச் சிற்பம் மாதிரி இருப்பார். மற்ற விளையாட்டுகளை விட்டு இந்தப் பக்கம் தாமதமாக வந்தவர். 2000 ஏப்ரல் 29 அன்று, மறுபடியும் அதே மாடிசன் ஸ்கொயர் கார்டனில், லென்னக்ஸ் லூயிஸ் முதல் சுற்றிலேயே மூன்று தடவை அவரை விழ வைத்து, இரண்டாவதில் முடித்தார். அடுத்த வருஷம் ஜமீல் மெக்லைனிடம் 43 விநாடி.

ஆட்லி ஹாரிஸன் கதை பிரிட்டனில். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம். உடனே பி.பி.சி. பத்து லட்சம் பவுண்டுக்குப் பத்து சண்டைகளை மொத்தமாக வாங்கியது. 2001 மே மாதம் முதல் சண்டை. எதிராளி ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஒரு தனியார் துப்பறிவாளர்! நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் அவர் தொழில். ஹாரிஸன் படித்தவர், பேச்சு நன்றாக வரும், தானே தன் சண்டைகளுக்கு புரமோட்டர். எதிராளியைத் தேர்ந்தெடுப்பதும் அவர் கையில் என்றால் என்ன ஆகும்? தேர்வு எழுதுகிறவனே கேள்வித்தாளும் தயாரித்த மாதிரி ஆயிற்று. 2010 நவம்பர் 13 அன்று மான்செஸ்டரில் டேவிட் ஹேயோடு உலகப் பட்டத்துக்கு மோதினார். மூன்றாவது சுற்றில் முடியும்வரை ஹாரிஸன் எதிராளி மேல் பட வைத்த குத்து ஒன்றே ஒன்று என்று எண்ணிச் சொன்னார்கள்.

2012 அக்டோபரில் டேவிட் பிரைஸ் என்ற ஆறடி எட்டங்குல வாலிபர் ஹாரிஸனை 82 விநாடியில் முடித்தார். உடனே பிரிட்டன் முழுக்க "பிரைஸ்தான் அடுத்த சாம்பியன்". நாலே மாதத்தில், 2013 பிப்ரவரியில், 41 வயது டோனி தாம்ஸன் பிரைஸை அவருடைய சொந்த ஊர் லிவர்பூலில் இரண்டாவது சுற்றில் சாய்த்தார். ஜூலையில் மறுபடி மோதினார்கள், மறுபடி தாம்ஸன். தேய்ந்த கேஜ் என்று நினைத்துத்தான் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இளம் வீரனுக்கு ஆரம்பத்தில் சுலபமான எதிராளி கொடுப்பது ஏமாற்று வேலை இல்லை. அலிக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். வகுப்பில் முதல் நாளே ஃபினைட் எலிமென்ட் நடத்த முடியாது. பயிற்சிக்குக் கொடுத்ததைச் சோதனையில் ஜெயித்ததாக எழுதிக் காட்டுவதில்தான் கோளாறு. அதில் காசு பார்ப்பவர்கள் வேறு, அடி வாங்குபவர் வேறு.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று என் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். நான் காலேஜுக்கு வந்தபோது ஹாஸ்டலில் என் பெயர் "ரேங்க்கு". பள்ளிக்கூடத்தில் ஒரே மாதிரிக் கேள்வித்தாளை நாற்பது தடவை எழுத வைத்து எடுத்த மார்க் அது. ஊரில் ஃப்ளெக்ஸ் கூட வைத்தார்கள். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். லீவுக்கு ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் கிழியாமல் இருந்தது. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கூனி ஏன் இரண்டு வருஷம் மேடை ஏறவில்லை என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கூனி 1988-ல் குடியை விட்டார். 1998-ல், ஓய்வு பெற்ற குத்துச்சண்டை வீரர்களுக்கு வேலைக்கும் மறுவாழ்வுக்கும் வழிசெய்ய ஓர் அமைப்பைத் தொடங்கினார். எந்த ஹோம்ஸை வெறுக்கும்படி ஊர் அவரைத் தூண்டிவிட்டதோ, அந்த ஹோம்ஸும் அவரும் பின்னாளில் நல்ல நண்பர்கள் ஆனார்கள். நார்ட்டன் 2013-ல் இறந்தார். உலக சாம்பியன் என்று பெயர் இருந்தும், மேடையில் ஒரு பட்டச் சண்டையைக்கூட ஜெயிக்காதவர் அவர். பட்டம் அவருக்குக் காகிதத்தில்தான் வந்தது.

பாபிக் ஊருக்குத் திரும்பி ஒரு காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1997-ல் இயந்திர உருளைகளுக்கு நடுவே சிக்கி அவருடைய கைகள் நசுங்கின. 38 பேரைச் சாய்த்த கைகள். உருளைகள் சந்திக்கிற இடத்துக்குக் காப்பு போட வேண்டும் என்பது செகண்ட் இயர் பாடம்.

போன மாதம் அந்த ஹார்ட் டிஸ்க் நண்பனோடு பேசினேன். டிஸ்க் எப்போதோ கெட்டுப் போய்விட்டதாம். மெஷின் டிசைனில் அவன் எடுத்த மார்க் அவனுக்கு ஞாபகம் இல்லை. பாபிக்கின் 58 விநாடியை மட்டும் அப்படியே போனில் சொன்னான். விழாவுக்கு வருகிறான். பழைய விங் பக்கம் தேடினால் இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம்.